கூண்டுக்கோழிகளை நாட்டுக்கோழிகளோடு சேர்த்தபோது

நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில் ஒரு முட்டைக்கோழியின் ஆயுள் ஏறத்தாழ ஒன்றரை வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் முட்டை குறையும், தீவனச் செலவுக்குக் கட்டாது. கறிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு அடுத்த குஞ்சு இறக்குவார்கள். ஏற்றும்போது கால் ஊன்ற முடியாதவை, இறகு கொட்டி எடை இறங்கியவை என்று சில பின்தங்கும். பக்கத்துப் பண்ணை ஒன்றில் அப்படி மிஞ்சிய எட்டு வெள்ளைக் கோழிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் ஏற்கெனவே சிறுவிடை என்ற நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் உண்டு.

“பஞ்சாரத்தில் ஒரு இராத்திரி மூடி வை கண்ணு, காலையில் திறந்துவிட்டால் தானாகப் பழகிவிடும்” என்றார் அத்தை. சந்தையில் வாங்கும் கோழிக்கு ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். ஒரு வாரத்தில் கோழிகள் மொத்தமாகச் செத்து விழுவதும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. நான் ஒப்பவில்லை. முதலில் கால்நடை டாக்டரிடம் போனேன்.

அவர் சொன்ன ஒரு விஷயம்தான் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. பண்ணைக்கோழிக்குக் குஞ்சிலிருந்தே வெள்ளைக்கழிச்சல் (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்), அம்மை என்று வரிசையாகத் தடுப்பூசி போட்டிருப்பார்கள். நோய்க்கிருமி உடம்பில் இருந்தாலும் அந்தக் கோழி தின்றுகொண்டு நடமாடும்; தடுப்பூசி காணாத நாட்டுக்கோழிக்கு அதே கிருமி எமனாகும். சளிநோய் வந்து தேறிய கோழியும் வெளியே நலமாகத் தெரிந்துகொண்டே கிருமியைச் சுமக்கும். அதே நேரம் கம்பிக் கூண்டில் எச்சம் கீழே விழுந்துவிடுவதால், மண்ணில் இருக்கும் ரத்தக்கழிச்சல் கிருமியோ குடற்புழுவோ அந்தக் கோழிகளுக்குப் பழக்கமில்லை. எங்கள் முற்றத்து மண் அவற்றுக்கு ஆபத்து. ஆக, ஒதுக்கி வைப்பது இரண்டு கூட்டத்துக்கும் காவல். 30 நாள் குறைந்தபட்சம். இடையில் எதற்காவது நோய் தென்பட்டால் அது தேறிய நாளிலிருந்து மறுபடி முதல் நாள் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

எங்கள் சிறுவிடைகளுக்குப் பிப்ரவரியில் அரசு நடத்தும் இருவார முகாமில் கோழிக்கழிச்சல் ஊசி போட்டிருந்தோம். மாதங்கள் கடந்துவிட்டதால் டாக்டர் சொன்னபடி மறுபடியும் போட்டேன். இது முதல் வேலை.

அடுத்தது இடம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் காலம். எங்கள் கோழிக்கூடு வீட்டின் மேற்கே. பழைய மாட்டுக்கொட்டகை கிழக்கு ஓரத்தில். இறகுத் தூசியையும் எச்சப் பொடியையும் காற்று வேறு பக்கம் கொண்டுபோகட்டும் என்று கொட்டகையில் வலை அடித்து, கடலைத்தோலைக் கனமாகப் பரப்பி, அங்கேயே விட்டேன். அதற்கென்று தனிச் செருப்பு, தனி வாளி, தனித் துடைப்பம். காலையில் முதலில் சிறுவிடைகளுக்குத் தீனி, பிறகுதான் கொட்டகை. கொட்டகையிலிருந்து வந்தால் கைகால் கழுவி, சேலை மாற்றாமல் கூட்டுப் பக்கம் போவதில்லை. பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்தபோதும் இதே சட்டம்தான். கோழி எச்சத்திலிருந்து மனிதருக்கு வயிற்றுப்போக்கு தொற்றும் என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் கடுமையாக இருந்தேன்.

தண்ணீரில்தான் முதல் சிக்கல். பண்ணையில் குழாய்முனையைக் கொத்தினால் சொட்டும். அப்படிக் குடித்தே வளர்ந்தவை. சட்டி நிறையத் தண்ணீர் முன்னால் இருந்தும், மேலே தொங்கும் கயிற்று முனையைக் கொத்திக்கொண்டு நின்றன. விரலால் தண்ணீரைத் தட்டித் தட்டிக் காட்டினேன். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து அலகு நுனியை மட்டும் நனைத்துவிட்டேன். ஒன்று கண்டுகொண்டதும் மற்றவை அதைப் பார்த்துக் குனிந்தன. தீவனத்துக்கும் இதே பாடுதான். சிறு வயதிலேயே அலகை வெட்டிவிடுவதால் மேலலகு குட்டையாகி, தரையில் கிடக்கும் கம்பையும் குருணையையும் எடுக்க வராது. ஆழமான சட்டியில் பண்ணைத் தீவனத்தையே வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கம்பும் முருங்கைக்கீரையும் கலந்தேன். கிளிஞ்சல் தூள் எப்போதும் தனியாக இருந்தது. ஓயாமல் முட்டையிட்ட உடம்பில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு இறங்கிப் போயிருக்கும். நெஞ்செலும்பு முறிந்த கோழிகள் கூண்டுகளில் சாதாரணம். அதனால் உயரத்தில் கழி கட்டவில்லை. தரையோடு ஒரு பலகை மட்டும்.

பேன் பார்த்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு கோழியை மல்லாத்தி, ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்தேன். இறகின் அடித்தண்டில் சாம்பல் நிறத்தில் உப்புக் கட்டிபோல் முட்டைகள் அப்பியிருந்தன. வெளிச்சம் பட்டதும் பேன்கள் தோலில் ஓடின. அந்த இடத்துத் தோல் செக்கச்செவேல் என்று வெந்திருந்தது. கொத்தி எடுக்க அலகும் இல்லை, புழுதியில் புரள மண்ணும் இல்லை. எத்தனை மாதம் அப்படியே நின்றிருக்கும்! டாக்டர் கொடுத்த பொடியை எட்டுக்கும் தேய்த்தேன். அந்தப் பொடி பேனின் முட்டையைக் கொல்லாது. பொரித்து வருவதைக் கொல்லப் பத்து நாள் கழித்து மறுபடியும் தேய்க்க வேண்டும். பலரும் இந்த இரண்டாம் முறையை விட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஒரு பழைய அண்டாவில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வைத்தேன். சில நாள் அதைச் சுற்றி வந்தன. பிறகு ஒருநாள் மத்தியானம் ஒரு கோழி உள்ளே இறங்கி, ஒருக்களித்துப் படுத்து, செட்டையை விரித்து மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. கூண்டிலேயே வளர்ந்த கோழிக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை. நான் அடுப்பை மறந்து நின்றேன்.

தினமும் விடிந்ததும் எச்சம் பார்ப்பேன். மேலே வெள்ளை படிந்த கெட்டி எச்சம் நல்லது. இடையிடையே பழுப்பு நிறத்தில் ஒட்டும் எச்சமும் வரும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. பச்சையாகக் கழிந்தாலோ ரத்தம் கலந்தாலோதான் ஓட வேண்டும். எச்சத்தைக் கால்நடை மருத்துவமனையில் காட்டி, இரண்டு கூட்டத்துக்கும் குடற்புழு மருந்து வாங்கிக் கொடுத்தேன். மருந்துக் காலத்து முட்டைகளை யாரும் சாப்பிடவில்லை, குழியில் புதைத்தேன். மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுக்கச் சொன்னார் அத்தை. அதையும் கொடுத்தேன், டாக்டரைத் தள்ளிப்போடவில்லை.

பாதியில் ஒரு கோழிக்கு ஒரு கண் வீங்கி மூக்கில் சளி வடிந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், தேறியது. கணக்கு மறுபடி முதலிலிருந்து. வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் சளிநோய் போன்ற ஒன்றை முற்றத்துக்குள் விட்டால் பிறகு எதைக் கொண்டு விரட்டுவது?

எல்லாம் நலமாகத் தெரிந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. வெளியே தெரியாமல் கிருமி சுமக்கிறதா என்பது இன்னொரு கோழியை உடன் விட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். எங்கள் சிறுவிடை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனம் வரவில்லை. ஒன்று போனாலும் மற்றவை பிழைக்கும் என்ற கணக்கு சரிதான், அந்த ஒன்றைக் கையில் தூக்கும்போது கணக்கு உதவுவதில்லை. முட்டையிடுவது குறைந்த கிழட்டுப் பெட்டையைக் கொண்டு விட்டேன். தினமும் அதன் கண்ணையும் மூக்கையும் பார்த்தேன், மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று இரவில் காது கொடுத்தேன். இரண்டு வாரம் தாண்டியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வந்த அன்றே எல்லோரையும் கொத்தி அடக்கித் தலைவியாகிவிட்டது.

பிறகு முற்றத்தில் வலைத் தடுப்புக்குள் வெள்ளைக் கோழிகள், வெளியே சிறுவிடைகள். பார்க்கலாம், தொட முடியாது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு என்பதை 1920-களில் நார்வேயின் விலங்கியலாளர் ஷெல்டெருப்-எப்பே எழுதிவைத்தார். கோழி வளர்க்கும் எவருக்கும் அது கண்கூடு. கொத்தல் நிற்காது என்று தெரிந்தேதான் திறந்தேன். அலகு வெட்டிய கோழியால் வலுவாகத் திருப்பிக் கொத்த முடியாது என்பதால் தீனிச் சட்டிகளை நாலு மூலையில் வைத்து, ஒளிந்துகொள்ளப் பனையோலையும் சாய்த்திருந்தேன். ஒன்றின் கொண்டையில் ரத்தம் வந்ததும் அதை விலக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி ஆறிய பிறகே விட்டேன். ரத்தம் கண்டால் கூட்டமே சேர்ந்து கொத்தும். மண்ணில் இறங்கிய புதிதில் ரத்தக்கழிச்சல் வரலாம் என்று மருந்தைக் கையோடு வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

இப்போது அவை குப்பையைச் சீய்க்கின்றன, பொழுது சாய்ந்தால் சிறுவிடைகளோடு அடைகின்றன. முட்டை குறைவுதான். பண்ணையில் பகலோடு விளக்கும் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் காட்டி இடவைத்தார்கள்; இங்கே சூரியன் மட்டுந்தான். வரிசையில் அவை இன்னும் கடைசி. சிறுவிடைகள் தின்று முடிக்கும்வரை தள்ளி நிற்கின்றன. அதனால் கொட்டகைப் பக்கம் அந்த ஆழச் சட்டியைத் தினமும் தனியாக வைக்கிறேன்.