வீட்டு மூலையில் இரண்டு யூரியா மூட்டை

என் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் நானும் இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவும் ஒரே பக்கம் நின்றோம். 2021 மே மாதம், இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தபோது. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து செய்தியை உரத்து வாசித்தேன். அப்பா வெற்றிலையை மடித்தபடி கேட்டார். "ஆரோ உன்ரை கதையைக் கேட்டிட்டாங்கள் போலை, தம்பி" என்றார். சிரிக்கவில்லை.

இரசாயனப் பசளை வேண்டாம் என்று பத்து வருடமாக அப்பாவோடு நான் பிடித்த சண்டை அது. அநுராதபுர மாவட்டத்துப் பதவியா, மதவாச்சிப் பக்கங்களில் கமக்காரர் சிறுநீரக நோயில் விழுந்ததை வாசித்த நாள் தொடங்கி யூரியா மூட்டையைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அந்த நோய்க்கான காரணம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. கிணற்றுக் கடின நீர், புளோரைட்டு, களைநாசினி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குத் தோதானதை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் சாணம், வைக்கோல், சீமைக்கிளுவை இலை போட்டுக் கூட்டெருக் குவியல் ஒன்று வைத்தேன். அது நல்ல எருதான். அம்மாவின் கத்தரிக்கும் மிளகாய்க்கும் போதும்.

இத்தனைக்கும் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். ஏபர் முறை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! வளியில் 78 வீதம் நைதரசன் கிடந்தும் நெல்லால் அதில் ஒரு துளி எடுக்க முடியாது. 1909இல் பிரிட்ஸ் ஏபர் அதை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலையாக்கினார். யூரியா செய்வதும் அந்த அமோனியாவில்தான். இன்று உலகச் சனத்தில் ஏறக்குறைய பாதிப் பேரின் சோறு அந்தக் குழாய்க்குள்ளால் வந்ததுதான்.

வெப்பநிலை, அமுக்கம், இரும்பு ஊக்கி. பரீட்சைக்கு இவ்வளவும் காணும். மிச்சத்தை நான்தான் சொல்வேன். அதே அமோனியாவில் இருந்துதான் முதலாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு வெடிமருந்து வந்தது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பரில் குளோரீன் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கும் ஏபரே முன்னின்றார். பத்து நாளில் அவருடைய மனைவி கிளாரா, அவரும் ஒரு இரசாயனவியலாளர், கணவரின் துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டார். மனிசன் அடுத்த நாளே போர்முனைக்குப் புறப்பட்டுவிட்டார். 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. நாடு நாடு என்று உருகியவரை, யூதப் பிறப்பு என்பதால், 1933இல் அந்த நாடே இருக்கவிடவில்லை. இந்த இடத்துக்கு வரும்போது வகுப்பில் பின்வாங்குப் பெடியளும் கதையை நிறுத்திவிடுவார்கள்.

யூரியாவின் இரண்டாவது முகம் எங்களுக்குப் புதிதில்லை. 90களில், போர்க்காலத்தில், வன்னிக்கு அதைக் கொண்டுவர அரசு விடவில்லை. புலிகள் குண்டு செய்வார்கள் என்பது சாட்டு. செய்யவில்லை என்று யார் சொல்லலாம்? அப்பா அந்த வருடங்களில் மாட்டெருவோடுதான் வயல் செய்தார். "சேதனப் பசளையை நாங்கள் அப்பவே செய்து பாத்திட்டம் தம்பி. ஒருத்தரும் எங்களுக்கு மாலை போடேல்லை" என்பார். அந்த நாளில் எங்களுக்கு வேறொரு பெருங்கனவும் இருந்தது. அதைப்பற்றி அவர் வீட்டில் கதைப்பதில்லை.

வர்த்தமானி வந்த கிழமை ஒரு இரவு, கொப்பித் தாளில் ஒரு கணக்குப் போட்டேன். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. என் கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 2,300 கிலோ எரு வேண்டும். அப்பாவுக்கு நாலு ஏக்கர். நாட்டிலோ இலட்சக்கணக்கான ஏக்கர் நெல். சாதாரண தரப் பிள்ளை செய்யும் வகுத்தல் அது. பத்து வருடம் வாதாடியவன், படிப்பித்துச் சம்பளம் எடுப்பவன், அந்த இரவுவரை அதைச் செய்து பார்க்கவில்லை. சரி என்று மனம் சொல்லிவிட்டால் கணக்குப் பார்ப்பது ஏதோ துரோகம் மாதிரி இருக்கும்போல.

2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில்கூட இந்த மாற்றத்துக்குப் பத்து வருடம் என்றுதான் போட்டிருந்தார்கள். கையில் டொலர் இல்லாத அவசரத்தில் அந்தப் பத்து வருடம் ஒரே கையெழுத்தானது. 50 கிலோ மூட்டையை 350 ரூபாய்க்குக் கொடுத்துக் கமக்காரரைப் பழக்கியது அண்ணன் மகிந்தவின் ஆட்சி. மறித்தது தம்பி கோட்டாபயவின் ஆட்சி.

பெரும்போகம் விதைத்தோம். அக்டோபர் கடைசியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போன ஜனாதிபதி, அங்கே நைதரசன் பற்றிய கூட்டமொன்றில் பேசினார். எங்கள் வயலில் பயிர் மஞ்சளித்துக்கொண்டு வந்தது. முதலில் அடி இலை, பிறகு மேலே. கிளை வெடிக்க வேண்டிய பயிர் ஒற்றைத் தண்டாய் நின்றது. இந்தியாவில் இருந்து வந்த நனோ நைதரசன் திரவப் பசளையை அப்பாவும் விசிறினார். நவம்பர் முடிவில் தடையை எடுத்தார்கள். கடையில் சாமான் இருந்தால்தானே!

ஏக்கருக்கு இருபத்தைந்து மூட்டை வெட்டும் வயல் பதினொன்று தந்தது, அதிலும் சப்பி. வெட்டு மெசின் போன பிறகு அப்பா வரம்பில் இருந்து ஒரு பிடி நெல்லை ஊதிப் பார்த்தார். பாதி பறந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே போய்விட்டார். நான் கூட்டெருக் குவியலை விடவில்லை. சிறுநீரக நோயாளரும் எங்கும் போய்விடவில்லை; வவுனியாப் பக்கத்திலும் இரத்தச் சுத்திகரிப்புக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே அப்பா சொன்னதுதான் முழுக்கச் சரி என்று ஒப்புக்கொள்ள இன்றைக்கும் என் வாய் வராது. அவரும் கேட்பதில்லை.

ஒன்றுதான் மாறியது. இப்போது சாமியறைக்குப் பக்கத்து மூலையில் எந்நேரமும் இரண்டு யூரியா மூட்டை நிற்கும். மாரி ஈரத்துக்கு அது உள்ளே இறுகிக் கல்லாகிவிடும். "அரிசி வைக்க இடமில்லை, இந்தக் கோதாரியைக் கொண்டுபோய் வெளியில வையுங்கோ" என்று அம்மா ஏசுவா. அப்பா காதில் போடமாட்டார். போன ஞாயிறும் சாக்கை விரித்து, மரச் சுத்தியலால் கட்டிகளை ஒவ்வொன்றாய் உடைத்துக்கொண்டிருந்தார். சாக்கின் மற்றத் தலைப்பை நான் பிடித்துக்கொண்டேன்.