கரிக்கு வயது சொல்லும் முன்: குழியிலிருந்து ஆய்வகம் வரை

கீழடி நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிக்கு கி.மு. 580 என்று காலம் வந்தது. 200 செ.மீ. ஆழத்தில் எடுத்ததற்கு கி.மு. 205. 2019இல் அறிக்கை வெளியானதிலிருந்து தொல்லியல் படிக்க வருகிற பிள்ளைகள் பலர் இந்த எண்களைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். குழிக்குள் இறங்கியதும் அவர்களுக்கு முதலில் பழக்குவது ஒன்று: ஆய்வகம் வயது சொல்வது கரிக்கு, அதில் எஞ்சியிருக்கும் கதிர்கார்பனை (காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன்-14) அளந்து. அந்தக் கரி கிடந்த மண்ணடுக்குக்கு வயது சொல்ல வேண்டியவர்கள் நாம். இரண்டுக்கும் உள்ள உறவு குழியிலேயே அறுந்துபோனால் எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

குழி போடும் முறை பலருக்கும் தெரிந்ததுதான். 10×10 மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்து, நடுவில் தோண்டாத மண்சுவர் விட்டு இறங்குவோம். அந்தச் சுவரில்தான் அடுக்குகள் நிறம் மாறித் தெரியும். அடுக்கு படுக்கை மட்டமாக இருப்பதில்லை, சரியும். அதனால் ஒரு குழியில் 2 மீட்டர் ஆழத்தில் இருப்பதும் அடுத்த குழியில் 2 மீட்டரில் இருப்பதும் ஒரே காலம் என்று சொல்லிவிட முடியாது. ஆழத்தை எழுதுங்கள், அடுக்கின் எண்ணை எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எந்தக் கரியை எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கண்ணில் பட்ட கரியெல்லாம் மாதிரி ஆகாது. அடுப்புக்குள் கிடப்பது, இடித்துச் சமப்படுத்திய தரைக்குக் கீழே அடைபட்டது, மூடிய தாழிக்குள் இருப்பது ஆகியவை நல்லவை. எலி வளை, குப்பைக்குழி, மண்சுவரின் ஓரம் ஆகியவற்றில் கிடப்பதைத் தொட வேண்டாம். உறைகிணற்றுக்குள் கிடைக்கும் கரியும் ஏமாற்றும். கிணறு தூர்ந்த காலத்தைத்தான் அது காட்டும், வெட்டிய காலத்தை அல்ல. கரிசல் மண்ணில் கோடையில் விழும் வெடிப்பு ஆழமாக இறங்கும். மேலடுக்கின் பொடிக்கரி அதன் வழியே கீழே போய்விடும். கீழடி போன்ற தென்னந்தோப்பு மேடுகளில் வேர்தான் பெரிய தொல்லை. மக்கிய தென்னை வேரின் கருமையைக் கரி என்று நினைத்து எடுத்துவிடுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. கரணை முனையால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். கரி பளபளப்போடு நொறுங்கும், வேர் நாராகப் பிரியும்.

மரக்கரியைவிட தானியம் மேல். வைரம் பாய்ந்த உத்தரத்தின் உட்பகுதி, மரம் வெட்டப்படுவதற்கு நூறு ஆண்டு முன்பே வளர்ச்சி நின்ற பகுதியாக இருக்கலாம். ஒரு வீட்டு உத்தரத்தை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் போடுவதும் உண்டு. நெல் ஒரே போகத்தில் விளைந்து அறுபடுவது. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலிலும் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலும் நெல்லை வைத்துக் காலம் கணித்ததன் வலு அங்கேதான் இருக்கிறது. தானியம் கண்ணுக்குப் படாமல் போகும் என்பதால், அடுப்பு, தரை, தாழி போன்ற ஒவ்வொரு நல்ல சூழலிலிருந்தும் (பொருள் கிடந்த இடம்) 20 லிட்டர் அளவு மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதப்பதைக் கால் மில்லிமீட்டர் சல்லடையில் பிடித்து நிழலில் உலர்த்துவோம். வெயிலில் போட்டால் மணி வெடித்துவிடும்.

எடுக்கும்போது வரிசை மாறக் கூடாது. முதலில் அளவுகோலும் வடக்கு அம்பும் வைத்துப் படம், பிறகு டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் மூன்று திசை அளவு, அதன் பிறகே கை. கை என்றால் வெறுங்கை அல்ல. கழுவிய கரணை அல்லது இடுக்கி. கரியை நேராக அலுமினியத் தாளில் மடித்து, அதை ஒரு உறையில் போட்டு, விவரச்சீட்டை வெளி உறையில் வையுங்கள். பஞ்சிலோ காகிதத்திலோ சுற்றக் கூடாது, அவை இன்றைய கார்பன். ஏஎம்எஸ் முறைக்கு (முடுக்கி கொண்டு கார்பன் அணுக்களை நேரடியாக எண்ணும் முறை) சுத்தம் செய்தபின் ஒரு மில்லிகிராம் கார்பன் கிடைத்தாலே போதும். ஆனாலும் முடிந்தவரை சில கிராம் எடுத்துப் பாதியைக் கையிருப்பாக வைப்போம். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

கலப்படம் எவ்வளவு கெடுக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். 2500 ஆண்டுப் பழைய கரியில் இன்றைய கார்பன் 1 விழுக்காடு கலந்தால் சுமார் 30 ஆண்டு இளமையாகக் காட்டும். 10 விழுக்காடு கலந்தால் கிட்டத்தட்ட 300 ஆண்டு. மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் போன்றவற்றில் கதிர்கார்பன் அறவே கிடையாது. அது 1 விழுக்காடு கலந்தாலே 80 ஆண்டு முதுமை கூடிவிடும். மோட்டார் பம்பு வைத்துக் குழியில் தண்ணீர் இறைத்த இடத்துக்குப் பக்கத்தில் மாதிரி எடுக்காததற்கு இதுதான் காரணம்.

ஆய்வகத்தில் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவுவார்கள். காரம் மண்ணின் மக்குப்பொருளைக் கரைக்கும். நைந்த கரியாக இருந்தால் அதுவே முழுதும் கரைந்து, "மாதிரி போதவில்லை" என்று பதில் வரும். அதனால் ஒரு சூழலுக்கு இரண்டு மாதிரி அனுப்புகிறோம். பதிலில் காலத்தோடு கார்பன்-13 அளவும் (தாவர வகைக்கேற்ப மாறும் அளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்) இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். நெல்லுக்கும் மரத்துக்கும் அது −25ஐ ஒட்டி வரும். கம்பு, ராகி, சோளத்துக்கு −12ஐ ஒட்டி. நெல் என்று எழுதி அனுப்பியதற்கு −12 வந்தால் உறை எங்கோ மாறிவிட்டது என்று பொருள்.

இனி மிகக் கடினமான இடம். ஆய்வகம் முதலில் தருவது 1950லிருந்து பின்னோக்கி எண்ணும் கதிர்கார்பன் வயது. அதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற அளவுத்திருத்த வளைகோடு வேண்டும். அந்த வளைகோடு கி.மு. 800க்கும் 400க்கும் இடையே கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது, அதாவது அந்த நூற்றாண்டுகளின் மாதிரிகள் ஏறக்குறைய ஒரே கதிர்கார்பன் வயதைக் காட்டும். 2450 ± 30 என்று வந்த மாதிரி கி.மு. 750க்கும் 410க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழலாம். தமிழகத்தின் மிக முக்கியமான நகர வாழ்வும் எழுத்தும் தொடங்கும் காலம் சரியாக இந்தத் தட்டையில் மாட்டிக்கொண்டிருப்பது நமக்கு வாய்த்த சோதனை. எனவே ஒற்றை ஆண்டைத் தனியே சொல்வது சரியல்ல. 95 விழுக்காடு வரம்பு முழுவதையும் எழுத வேண்டும்.

தட்டையைத் தாண்ட வழி உண்டு. ஒரே மண்சுவரில் கீழிருந்து மேலாக ஆறேழு அடுக்குகளில் தானிய மாதிரி எடுத்து, எது எதற்குக் கீழே என்ற வரிசையையும் சேர்த்து ஆக்ஸ்கால் என்ற காலக்கணிப்புக் கணினி நிரலில் கொடுத்தால் வரம்பு சுருங்கும். வரிசை தவறாக இருந்தால் சுருங்கிய வரம்பும் தவறாகவே இருக்கும், ஆகவே அடுக்கு எண் பற்றி ஐயம் உள்ள மாதிரியை அதில் சேர்ப்பதில்லை.

பருவம் முடிந்து குழியை மூடுமுன், மண்சுவரில் தெரிகிற கரி அனைத்தையும் வரைபடத்தில் குறித்துவிட்டு, எடுக்காமல் அப்படியே விடுகிறோம். அடியில் தார்ப்பாய் விரித்து மண் தள்ளுகிறோம். பின்னாளில் இதைவிட நுட்பமான முறையோடு வருபவர்கள் அந்தப் பாயைக் கண்டதும் எங்கள் குழி எதுவரை போனது, தொடாத மண் எங்கே தொடங்குகிறது என்று அறிந்துகொள்வார்கள்.