பூட்டு போட்டுக் கொடு தம்பி

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு சின்ன செல்போன் கடை. ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ், சார்ஜிங் பின் மாற்றுவது, இவ்வளவுதான் தொழில். மழைக்காலம் தொடங்கிவிட்டால் மட்டும் வாரத்துக்கு இரண்டு அம்மாக்களாவது இதைக் கேட்டு வருவார்கள்: "புள்ள போனை விடவே மாட்டேங்குது. ஒரு பூட்டு போட்டுக் கொடு தம்பி."

முன்பெல்லாம் கூகுளின் ஃபேமிலி லிங்க்கைப் பற்றித்தான் சொல்வேன். நல்ல செயலி. எந்த ஆப் எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அம்மா தன் போனிலிருந்தே வைக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தனிக் கணக்கும் தனிப் போனும் வேண்டும். தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பதே ஒரு போன். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், மேஸ்திரியின் அழைப்பு, பையனின் கார்ட்டூன், மூன்றும் அதில்தான். எதை என்று பூட்டுவது?

போன மாதம் இலை பறிக்கும் ஒரு அக்கா வந்தார். பையனுக்கு நாலு வயது. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லியிருக்கிறது என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "சாயங்காலம் வெளிய விளையாட விடுங்கக்கா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

"ஆறு மணிக்கு மேல வாசல்ல கரடி நிக்குது. நீ வந்து விளையாடு" என்றார்.

சரி, பேச்சை விட்டுவிட்டுப் போனை வாங்கினேன். கடை வைஃபையில் யூடியூபில் நாலு வீடியோ டவுன்லோட் செய்தேன். தானாக அடுத்தது ஓடும் ஆட்டோபிளேயை அணைத்தேன். அப்புறம் செட்டிங்ஸில் ஸ்கிரீன் பின்னிங், அதாவது ஒரே ஒரு ஆப்பைத் திரையில் பூட்டி வைக்கும் வசதி. வெளியே வர நம்பர் கேட்க வேண்டும் என்பதையும் அதிலேயே போட்டேன். டேட்டாவை அணைத்து யூடியூபை அப்படிப் பூட்டிவிட்டால், போன் பூட்டின் நம்பர் தெரியாமல் வெளியே வர முடியாது. மேலிருந்து இழுத்து டேட்டாவைப் போடவும் முடியாது. இருக்கும் நாலோடு சரி. (பிள்ளையின் பிறந்தநாளை நம்பராக வைக்காதீர்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.)

முதல் இரண்டு நாள் ஒரே அழுகையாம். மூன்றாம் நாள் அதே நாலையும் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போய், அடுப்படியில் அம்மா பக்கத்தில் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டானாம். பாதிப் பூண்டு வீணாம், அது வேறு கதை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை அவனே அம்மாவோடு கடைக்கு வந்து, ஸ்டூலில் ஏறி நின்று அந்த வாரத்துக்கான நாலையும் தேர்ந்தெடுக்கிறான். போன வாரம் மூன்று ஜேசிபி வீடியோ. நாலாவது, கரடி.