டிரிப் ஆன பிறகு எழுந்திருக்காத கணினி

வீட்டு மெயின் போர்டில் பிரேக்கர் டிரிப் ஆனது. தூக்கிவிட்டதும் விளக்கு, ஃபேன் எல்லாம் வந்துவிட்டன. கணினி மட்டும் வரவில்லை. பட்டனை அழுத்தினால் சத்தம் இல்லை, பீப் இல்லை. பல வருடப் படங்களும் கணக்குகளும் அதற்குள் இருந்ததால் வயிற்றைக் கலக்கியது. இந்த மாதிரி நேரத்தில் பலரும் மதர்போர்டு (கணினிக்குள் எல்லா பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவார்கள். மின்சாரம் வரும் வழியிலேயே நடந்து பார்ப்போம் என்று நான் ஆரம்பித்தேன்.

முதலில் பிளக் பாயின்ட். டேபிள் லேம்பைச் செருகினேன், எரிந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகினேன். பவர் கார்டையும் மாற்றிப் பார்த்தேன். அப்புறம் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சற்று நேரம் விட்டுத் திரும்பச் செருகினேன். எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. சில எஸ்எம்பிஎஸ்கள் கோளாறு கண்டதும் தம்மைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் அந்தப் பூட்டு விடும். இதிலேயே சரியாகிவிடும் கணினிகளும் உண்டு. என்னுடையது அசையவில்லை.

கேபினெட்டைத் திறந்தால் மதர்போர்டில் ஒரு சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பலரை ஏமாற்றுவது இந்த விளக்குதான். போர்டுக்கு மின்சாரம் வருகிறது, அதனால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த விளக்கை எரியவைப்பது ஸ்டாண்ட்பை 5 வோல்ட். கணினி அணைந்திருக்கும்போதும் ஓடும் தனி சர்க்யூட் அது. 12 வோல்ட் தரும் பெரிய பகுதி செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரியும்.

முன்பக்க பட்டன் கெட்டிருக்கலாம் என்பதையும் பார்க்க வேண்டும். போர்டில் பவர் ஸ்விட்ச் வயர் செருகியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டேன். பலன் இல்லை.

அடுத்தது ஜெம் கிளிப் சோதனை. கார்டை உருவிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போகும் எல்லா இணைப்பையும் கழற்றினேன். பெரிய 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்துவிட்டு, அதன் பிறகே கார்டைச் செருகினேன். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் பச்சை வயருக்குரிய 16ஆம் பின்னைப் படம் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சில பிராண்டு கணினிகளில் கனெக்டரே வேறு. அவற்றில் இதைச் செய்யவே கூடாது. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஃபேன் சுற்ற வேண்டும். சுமை இல்லாதபோது ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்களும் உண்டு என்பதால் மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

என் ஃபேன் லேசாகத் துள்ளி நின்றுவிட்டது. ஊதா வயரில் அந்த ஸ்டாண்ட்பை 5 வோல்ட் சரியாக இருந்தது. 12 வோல்ட் தரும் மஞ்சள் வயரில் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்ட வேண்டும். மீட்டரில் எண் கொஞ்சம் ஏறி உடனே பூஜ்யத்துக்கு விழுந்தது. எதுவுமே மாட்டாதபோது இப்படி என்றால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸிலேதான். வெளியே ஒழுங்காக ஓடி, மாட்டியதும் நின்றிருந்தால் மற்ற பாகங்களில் ஷார்ட் தேடியிருப்பேன்.

புதிது வாங்குவதற்கு முன் நண்பரின் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டினேன். போர்டு, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், அவ்வளவுதான். பீப் சத்தம் கேட்டதும்தான் மூச்சு வந்தது. பிறகு அணைத்து அணைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், கடைசியில் டிஸ்க். தேதி மட்டும் பழையதைக் காட்டியது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டும், போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் செல் 3 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது, மாற்றிவிட்டேன். விண்டோஸ் வந்ததும் வேறு எதையும் தொடாமல் முதலில் படங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்தேன். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தது, கோப்பு முறைமைச் சோதனையை ஓட்டியது எல்லாம் அதற்கப்புறம்தான். இரண்டிலும் பிழை இல்லை.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டியாயிற்று. பழையதை நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். கார்டை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை அப்படியே மின்கழிவில் சேர்த்துவிட்டேன்.