வால்வு சரியாயிற்று, இனி கால்கள்

ஜூன் 10, 2024, திங்கள்

இதய ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாங்கள் நடத்தும் உடற்பயிற்சியில் இன்று புதிதாக ஓர் ஐயா சேர்ந்திருக்கிறார். 74 வயது, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டா வால்வில் கால்சியம் படிந்து சுருங்கிப்போய், நெஞ்செலும்பைத் திறந்து, மாட்டின் இதய உறைத் திசுவில் செய்த வால்வு வைத்திருக்கிறார்கள். நான்கு வாரம் ஆகிறது. காயம் சுத்தமாக ஆறியிருக்கிறது, எக்கோவும் (இதய ஸ்கேன்) நன்றாக இருக்கிறது, ஆனால் மனிதரால் நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. மகன் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தூக்கினார், பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன். கம்பி போட்டுக் கட்டிய நெஞ்செலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரமாவது ஆகும், நன்றாக இறுகப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம், அதுவரை கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இடுப்பைத் தாங்கித் தூக்கலாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

"கட்டில விட்டு இறங்கவே விடறதில்லீங்க, அப்படிப் பாத்துக்கறோம்" என்றார் மகன். அன்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நோயில் கால்கள் ஆபரேஷனுக்கு வெகு முன்பே தேயத் தொடங்கிவிடுகின்றன. மூச்சு வாங்குகிறதே என்று முதலில் தோப்பைச் சுற்றி வருவதை விடுவார்கள், அப்புறம் சந்தைக்குப் போவதை, அப்புறம் மாடிப்படியை, எல்லாவற்றுக்கும் வயசாச்சு என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். வால்வைச் சில மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பல வருஷமாகக் கரைந்த தொடைத் தசையை அப்படி மாற்ற முடியாது, அதை அவரேதான் திரும்பக் கட்ட வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

ஐயாவுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் வராந்தாவில் இரண்டு முனையிலும் கூம்பு வைத்துப் போய்வரச் சொல்வோம். நடுவில் இரண்டு தடவை நின்று, மொத்தம் 210 மீட்டர் நடந்தார். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை தடவை எழ முடிகிறது என்றும் பார்த்தோம். சாதாரண நாற்காலியில் ஒரு தடவைகூட முடியவில்லை. மெத்தை போட்டு உயர்த்தியபின் மூன்று.

மகனுக்கு அமெரிக்காவில் நடந்த டல்லாஸ் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1966இல் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை, நோயே இல்லாதவர்கள், மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரையும் கூப்பிட்டுச் சோதித்தபோது, அவர்கள் உடலின் உழைக்கும் திறனை முப்பது வருஷ வயது குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. வாலிபர்களுக்கே அப்படி என்றால் 74 வயதுக்கு? மகன் ஒன்றும் பேசவில்லை. போகும்போது, சாப்பாட்டை இனிக் கட்டிலுக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும்.

ஜூன் 24, திங்கள்

எவ்வளவு சிரமப்பட்டு நடக்கலாம் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. நாடியை எண்ணி முடிவு செய்யலாம் என்றால், மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரைகள் நாடியை ஏறவிடாது, உடம்பு திணறினாலும் எண் அமைதியாகவே இருக்கும். அதனால் போர்க் அளவுகோலைப் பயன்படுத்துகிறோம். கூன்னார் போர்க் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் வகுத்தது, 6 என்றால் சிரமமே இல்லை, 20 என்றால் இதற்குமேல் முடியாது, நமக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நாமே எண் சொல்ல வேண்டும். எங்களிடம் வருகிறவர்களுக்கு 11இலிருந்து 13 வரை போதும். ஐயாவுக்கு எண் பிடிபடவில்லை. சரி, நடந்துகொண்டே என்னோடு தேங்காய் விலையைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். வாக்கியம் உடையாமல் பேச முடிந்தால் அந்த வேகம் சரி, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் குறைக்க வேண்டும். மட்டைக்கு ஆள் கிடைக்காத கதையில் தொடங்கி இன்று நிற்காமல் எட்டு நிமிடம் நடந்தார்!

ஜூலை 4, வியாழன்

இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை மாற்றிக்கொண்டு பயிற்சிக்கு வரும் ஓர் அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உலோக வால்வு, ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற எண் 2.5இலிருந்து 3.5க்குள் இருக்க வேண்டும். ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கிறது, தூக்கம் வரவில்லை என்றார். அது வால்வு ஒழுங்காக மூடும் சத்தம்தான் என்று விளக்கினோம், கொஞ்சம் தெளிந்தார்.

இவருக்கு நடையைவிட முக்கியம் தடுமாறாமல் நிற்பது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் குளியலறையில் வழுக்கித் தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தக்கசிவு ஆகிவிடலாம். அதனால் சமையல் மேடையைத் தொட்டுக்கொண்டு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறுபாதத்தை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது, குதிகாலைத் தூக்கி நிற்பது, எல்லாம் தினமும். கீரையிலிருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிட்டாராம், யாரோ சொன்னார்களாம். நிறுத்த வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் அதற்கேற்ப டாக்டர் மாத்திரையை வைத்துக்கொள்வார். ஒரு வாரம் நிறைய, மறு வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் ஐஎன்ஆரைக் குலைக்கும்.

ஜூலை 15, திங்கள்

இன்று ஐயாவுக்குப் பயிற்சி இல்லை. மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது, கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது, நாடி தாறுமாறாக ஓடியது. வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு இதயத்தின் மேலறைத் துடிப்பு ஒழுங்கு தப்புவது நிறையப் பேருக்கு வருவதுதான், ஆனால் அதைப் பார்த்த பிறகு நடக்க வைக்க முடியாது. இசிஜி எடுத்து, இதய டாக்டரிடம் அனுப்பியாயிற்று. காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பார்த்துக் காலண்டரில் எழுதச் சொல்லியிருந்தோம், அதைத் தவறாமல் செய்த மருமகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அந்த எண்கள் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வாரம் கழித்து மூச்சுத்திணறலோடுதான் வந்திருப்பார்.

ஜூலை 25, வியாழன்

ஐயா திரும்பிவிட்டார், மாத்திரை மாற்றி, நீர் வடிந்து. வேகத்தைக் குறைத்துத் தொடங்கினோம்.

81 வயதுப் பாட்டி ஒருவரும் வந்தார். தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைத்தது, 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே முதல்முதலாக ஒரு மனிதருக்குச் செய்து தொடங்கிவைத்த முறை. நெஞ்சைத் திறக்கவில்லை, அதனால் பயிற்சி எதற்கு என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இந்த முறை பெரும்பாலும் வயது கூடியவர்களுக்கும் உடம்பு தளர்ந்தவர்களுக்கும் செய்வது, பயிற்சி இவர்களுக்குத்தான் இன்னும் அதிகம் தேவை. நெஞ்செலும்புக் கட்டுப்பாடு இல்லாததால் சீக்கிரமே தொடங்கவும் செய்யலாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஐயாவுக்குப் பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. நடை 345 மீட்டர், சாதாரண நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் ஒன்பது தடவை. நெஞ்செலும்பு சேர்ந்துவிட்டது என்று சர்ஜன் சொல்லிவிட்டார், இனிக் கைக்கும் பயிற்சி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடக்கம். பல் ஒன்று ஆடுகிறது, பிடுங்க வேண்டும் என்றார். செயற்கை வால்வு இருப்பதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லி, முன்கூட்டி ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டுதான் பிடுங்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க வரணும்?" என்று மகன் கேட்டார். இங்கே இன்னும் கொஞ்ச வாரம் வந்தால் போதும், வீட்டில் நடையும் உட்கார்ந்து எழுவதும் எப்போதுமே நிற்கக் கூடாது என்றேன். ஐயாவுக்கு வேறு கவலை, தோப்பில் விழுந்த மட்டையைப் பொறுக்கலாமா என்று. பொறுக்கலாம், குனியாமல் முழங்காலை மடக்கி, ஒவ்வொன்றாக. தேங்காய் மூட்டையை மட்டும் பசங்க தூக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து கணுக்காலில் கட்டும் மணல் பையை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை ஆக்குகிறோம்.