மேப்பிள் மரத்துக் கருப்பநீர்

மார்ச் மாதக் கடைசி. வெயில் எறித்தாலும் குளிர் விட்டபாடில்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவில் பக்கம் உள்ள மேப்பிள் காடு ஒன்றுக்கு அம்மாவைக் கூட்டிப் போயிருந்தோம். மரத்தில் தொங்கிய வாளியிலிருந்து சின்னக் கடதாசிக் கோப்பையில் கொஞ்சம் மேப்பிள் நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அம்மா ஒரு மிடறு குடித்து, நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "இது கருப்பணியெல்லோ பிள்ளை! தண்ணி விட்டுப்போட்டாங்கள்" என்றார்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பனையிலிருந்து இறக்கும் இனிப்பான கருப்பநீரைத்தான் ஊரில் கருப்பணி என்போம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபிறகு அந்தச் சொல்லை யாரும் என் காதுபடச் சொன்னதில்லை.

அம்மா சொன்னதில் கணக்கும் பிழையில்லை. மேப்பிள் நீரில் சர்க்கரை 2 சதவீதம் அளவுதான். பனையின் கருப்பநீரில் அது பல மடங்கு. அதனால்தான் இங்கே ஏறக்குறைய 40 லீற்றர் நீரை வற்றக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி, அதாவது இனிப்புப் பாகு, தேறுகிறது. கோடையில் இலைகள் ஆக்கிய உணவை மரம் மாவுச்சத்தாகச் சேர்த்து வைக்கிறது. குளிரில் அது சர்க்கரையாகிறது. இரவு தண்ணீர் உறைய வேண்டும், பகல் உருக வேண்டும். அப்போதுதான் நீர் ஓடும். மொட்டு விரியத் தொடங்கினால் சுவை கெட்டுவிடும், தொழிலும் முடிந்துவிடும். பெப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிக்குள் எல்லாம் ஓய்ந்துவிடும்.

ஸ்காபரோவில் எங்கள் தெருவில் நிற்பவை பெரும்பாலும் நோர்வே மேப்பிள். இலைக்காம்பை ஒடித்தால் எருக்கலையைப் போலப் பால் வரும். சீனி மேப்பிளில் அப்படி வராது. சீனி மேப்பிள் அக்டோபரில் செம்மஞ்சளாக எரிந்து முடிந்த பிறகுதான் நோர்வே மேப்பிள் ஆறுதலாக மஞ்சளாகும். ஜனவரியில் சீனி மேப்பிளின் கிளை நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். மண்ணிறத்தில் கூரான மொட்டு ஒன்று இருக்கும். வரப்போகும் இலை போன கோடையிலேயே உருவாகி, செதிலுக்குள் மடிந்து கிடக்கிறது. மொட்டை மரம் என்று சொல்ல எனக்கு இப்போது மனம் வருவதில்லை. இந்த ஊர் மரங்களின் நாட்காட்டி எனக்குப் பழகிவிட்டது.

பழகிவிட்டது என்கிறேன், ஆனால் ஆவணி வந்தால் காது பனம்பழம் விழும் சத்தத்தைத்தான் தேடுகிறது. இங்கே காலத்தைக் கண்ணால் பார்க்கிறோம். அங்கே வாயால் அறிந்தோம். கருப்பநீர், பிறகு நுங்கு, பிறகு பனம்பழமும் அதன் களியைக் காயவைத்த பனாட்டும், மார்கழி தை என்றால் பாத்தியைக் கிண்டி எடுக்கும் பனங்கிழங்கு, அது காய்ந்தால் ஒடியல். இடையில் வேலி அடைக்க ஓலை. அம்மம்மா வீட்டு வளவில் எந்த மரம் எப்போது பாளை தள்ளும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். போர்க்காலத்தில் அந்தப் பனைகளில் பாதி பங்கர் என்ற பதுங்குகுழிகளுக்குத் தறிக்கப்பட்டன.

மேப்பிள் காட்டில் என்னை உறுத்தியது வேறொன்று. பாணி காய்ச்சுகிறவர்கள் அங்கே எவ்வளவு பெருமையோடு நிற்கிறார்கள்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து அவர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். 1965இலிருந்து அந்த மரத்தின் இலை நாட்டின் கொடியில் பறக்கிறது. இந்த வித்தையை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே செய்துவந்தவர்கள் அனிஷினாபே போன்ற பூர்வகுடிகள். அவர்களுடைய நிலம் பறிபோன கதையையும் அதே காட்டில் உரத்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

சரி, எங்கள் ஊரில்? மேப்பிளுக்குத் தரையில் நின்று துளை போட்டால் போதும். பனையில் ஏற வேண்டும், காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி. காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவ வேண்டும். பாளையில் கட்டும் மண்முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அதைச் செய்தவர் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றார். கிணற்றில் அள்ள விடவில்லை. தேத்தண்ணீர் சிரட்டையில். அவர் இறக்கிய கருப்பநீர் மட்டும் நேராகக் குசினிக்கு வந்தது. அந்த இனிப்பைக் குடித்துக்கொண்டே அந்த மனிதரைத் தள்ளி வைத்த அநியாயத்தை எந்த ஊர்ப் பாசத்தாலும் என்னால் மூடி மறைக்க முடியவில்லை. அப்பு என்று கூப்பிட்டிருக்க வேண்டிய வயது அவருக்கு. சின்னப் பிள்ளைகள்கூட வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

போன ஆடிப்பிறப்புக்குக் கடையில், கருப்பநீரைக் காய்ச்சிச் செய்யும் பனங்கட்டி கிடைக்கவில்லை. அம்மா மேப்பிள் பாணி விட்டுக் கூழ் காய்ச்சினார். வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு எல்லாம் வழக்கம்போல. நல்லாத்தான் இருந்தது, பிள்ளைகள் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். பனங்கட்டியின் அந்தக் கருகல் மணம் இல்லாதது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரிந்தது. பனங்கட்டி பொதிந்த ஓலைக் குட்டானைப் பிரித்து ஒரு துண்டு கடிக்கும்போது வரும் மணம் அது.

குட்டான் என்றால் என்ன என்று மகள் கேட்டாள். அதில் தொடங்கி முட்டி, பாளை என்று போய், "அப்ப மரத்தில ஏறினது ஆர்?" என்று வந்து நின்றாள். படலையையும் சிரட்டையையும் விடாமல் சொன்னேன். அம்மா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து இருந்து, அந்த மனிதரின் பெயரை, மனைவியின் பெயரை, ஐந்து பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக மகளுக்குச் சொன்னார்.