குப்பை எரித்த சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்த்த அனுபவம்

வேலூரில் முதுநிலை கட்டடப் பொறியியல் படித்தபோது, நகரக் குப்பையை எரிக்கும் ஆலையின் புகைப் பாதையில் பிடிக்கப்படும் சாம்பலைச் சிமெண்டில் ஒரு சிறு பங்குக்கு மாற்றாகச் சேர்க்க முடியுமா என்று ஆராய்ந்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. அதற்கு ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தரநிலை உண்டு, பி.பி.சி. எனும் போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை அதைக் கலக்கிறார்கள். குப்பைச் சாம்பலிலோ உப்பு, ஈயம், காட்மியம், குப்பை எரியும்போது உருவாகும் டையாக்சின் என்ற நச்சு எல்லாம் இருக்கின்றன. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய பிறகே மூட்டை கைக்கு வந்தது.

முதல் வேலை கழுவுவது. தண்ணீரில் கலக்கி வடிகட்டி, வடிநீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டதும் மோர் போல வெளுத்தது. அவ்வளவும் குளோரைடு. "கம்பிக்கு எமன் இதுதான், தம்பி" என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; அதனால் கம்பி போட்ட கான்கிரீட்டில் கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கழுவக் கழுவ அந்த வெண்மை மங்கியது.

வடிநீரைச் சாக்கடையில் ஊற்றிவிடச் சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்த நீர் கடும் காரம். ஈயம் அதில் கரைந்து வரும். ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு குவிந்து கிடப்பதையும், பாலாற்றங்கரைக் கிணறுகள் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாழானதையும் பார்த்து வளர்ந்தவன் நான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்த ஊரிலிருந்து கொண்டு இந்த நீரைக் கொட்டுவதா? அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து, வண்டலைப் பிரித்து, மிச்சத்தைத் தட்டுகளில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டோம். அடியில் உப்பு ஏடு ஏடாகப் படிந்தது. வண்டலையும் உப்பையும் அபாயக் கழிவாகவே ஒப்படைத்தோம்.

வலிமையைச் சோதிக்கும் கட்டி வார்ப்பது எளிது, 70.6 மி.மீ. அச்சு. ஒப்பிடுவதற்காகக் கழுவாத சாம்பலிலும் வார்த்தோம். சற்று நேரத்தில் மேலே குமிழிகள் கிளம்பின. மறுநாள் காலை கட்டி அச்சுக்கு மேல் உப்பி, விளிம்பில் வெடித்திருந்தது. சாம்பலில் உள்ள உலோக அலுமினியம் சிமெண்டின் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுவதே காரணம். கழுவும்போதும் இந்த வாயு வரும் என்பதால் பாத்திரத்தை இறுக மூடக் கூடாது. கழுவிய சாம்பலில் வார்த்தவை 28 நாள் வலிமையில் சாதாரணக் கட்டிக்குச் சற்றே கீழே நின்றன.

வலிமை வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உடைத்த கட்டியை அமிலக் கரைசலில் சுழலவிட்டு ஈயம் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். எங்கள் கட்டி தேறியது. ஆனால் டையாக்சின் கழுவினால் போகாது. சிமெண்ட் சூளையின் கடும் வெப்பம் வேண்டும். ஜப்பானியர்கள் இத்தகைய சாம்பலைச் சூளையிலேயே மூலப்பொருளாக இட்டு 'எகோசிமெண்ட்' தயாரித்து, 2002இல் அதற்குத் தரமும் வகுத்தார்கள்.

அதனால் என் அறிக்கையில் 'வீடு கட்ட ஏற்றது' என்று எழுத மறுத்தேன். கம்பி இல்லாத, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளியுள்ள நடைபாதைக் கல்லுக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்று எழுதினேன். அடுத்து இதை எடுப்பவர்கள், கட்டி வார்க்கும் முன்பே கசிவுச் சோதனைக்கு ஆய்வகத்தில் நாள் பதிந்துவிடுங்கள்; அங்கே காத்திருப்போர் வரிசை நீளம்.